ரீபில்ட் செய்த அம்பாசடர் எஞ்சின்: முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலை ஏற்றுவது எப்படி?

கேள்வி: என்னிடம் 1974 மாடல் அம்பாசடர் இருக்கிறது. பெட்ரோல், 1489 சிசி. போன வருடம் எஞ்சினை இறக்கி, போர் போட்டு, கிராங்க் கிரைண்டிங் செய்து, பிஸ்டன், பேரிங், கேம்ஷாஃப்ட், டேப்பெட் எல்லாம் புதிதாகப் போட்டுக் கட்டினோம். அப்புறம் டிங்கரிங், பெயின்ட் வேலை இழுத்துக்கொண்டே போய்விட்டது. கட்டிய எஞ்சின் ஒருமுறைகூட ஓடாமல் எட்டு மாதமாக நிற்கிறது. இப்போதுதான் வண்டியில் ஏற்றியிருக்கிறோம். “ஆயிலை ஊற்றி செல்ஃப் அடி, ஆயில் லைட் அணைந்ததும் ஸ்டார்ட் பண்ணு, அவ்வளவுதான்” என்கிறார் மெக்கானிக். யூடியூபில் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றுகிறார்கள். எதைச் செய்வது? (கரூர் வாசகர்)

பதில்: டிரில் மெஷின் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் எஞ்சினில் அது நடக்கவே நடக்காது. மெக்கானிக் சொல்வது முழுத் தவறு இல்லை. கட்டிய வாரமே ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் எட்டு மாதம் நின்ற புது எஞ்சினுக்கு அது போதாது.

டிரில் ஏன் உதவாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் அமெரிக்க வி8 எஞ்சின்கள். அவற்றில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடிமுனைதான் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரை உருவிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு தண்டை விட்டால் பம்ப் கைக்குச் சிக்கிவிடும். உங்கள் எஞ்சின் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ். இதில் கேம்ஷாஃப்டில் இரண்டு தனித்தனி கியர்கள் இருக்கின்றன. ஒன்று டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைச் சுற்றுகிறது, இன்னொன்று ஆயில் பம்பின் தண்டைச் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அதன் டிரைவ் தண்டையும் உருவினால் உள்ளே தெரிவது கேம்ஷாஃப்டின் பல் மட்டும்தான். பம்ப் அங்கே இல்லை. சரியாக வைத்திருந்த டைமிங்கைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சமாகும். (சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ்தான் பம்பையும் ஓட்டுகிறது. அங்கே டிரில் வேலை செய்யும், டிஸ்ட்ரிபியூட்டர் சுழலும் திசையிலேயே சுற்றினால் சரி.)

இனி எட்டு மாத விஷயம். மெயின் பேரிங்கிலும் (கிராங்கை பிளாக்கில் தாங்குவது) பிக் எண்ட் பேரிங்கிலும் (பிஸ்டன் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்) கிராங்க் ஓடுவது ஆயிலின் மேல்தான், பேரிங் உலோகத்தின் மேல் அல்ல. இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அந்த இடைவெளியை ஆயில் நிரப்பியிருந்தால், கிராங்க் சுழலும்போது தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும். கட்டும்போது தடவிய ஆயில் மாதக்கணக்கில் நின்றால் கீழே வடிந்துவிடும். கேலரி, அதாவது பிளாக்கின் உள்ளே ஆயில் ஓடும் நீண்ட துளை, முழுதும் காற்று. ஃபில்டர் காலி. பம்பும் காலி. உலர்ந்த பம்பால் சம்பிலிருந்து (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயிலை மேலே உறிஞ்ச முடியாது. பற்களுக்கு நடுவே ஆயில் இருந்தால்தான் அது காற்றைத் தள்ளி உறிஞ்சும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் எப்போதாவது பிடிக்கும், ஆனால் அதுவரை புது பேரிங் உலர்ந்து தேய்கிறது, செல்ஃப் மோட்டார் சூடாகிறது.

கட்டியவரிடம் இரண்டு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேரிங்கிலும் கேமிலும் அவர் தடவியது சாதா எஞ்சின் ஆயிலா, ஒட்டிக்கொண்டு நிற்கும் அசெம்பிளி லூபா? லூப் என்றால் பாதிக் கவலை இல்லை. அடுத்தது இன்னும் முக்கியம்: கிராங்க் கிரைண்டிங்கும் போரும் முடிந்து வந்தபின் கேலரி பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டு, டீசல் அடித்துக் கழுவினாரா? கிராங்கின் உள்துளைகளிலும் கேலரி மூலைகளிலும் கிரைண்டிங் தூள் தங்கியிருந்தால், நாம் செய்யப்போகும் வேலை அதை நேராகப் பேரிங்குக்குள் தள்ளிவிடும். “கம்ப்ரஸரில் காற்று அடித்தேன்” என்ற பதிலோடு திருப்தி அடைய வேண்டாம். காற்று அடித்தால் மூலையில் இருக்கும் தூள் இன்னொரு மூலைக்குப் போகும், அவ்வளவே. அங்கே சந்தேகம் இருந்தால் எஞ்சினை மறுபடி இறக்குவதுதான் சரி. கசப்பாக இருக்கும், ஆனால் இன்னொரு கிரைண்டிங்கைவிட மலிவு.

அந்தப் பதில் திருப்தியாக இருந்தால், வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து ஆயிலை ஏற்றும் முறையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். விவசாய மருந்துக்கடையில் கிடைக்கும், கையால் பம்ப் அடிக்கும் ஐந்து லிட்டர் ஸ்பிரேயர் போதும். புதிதாக வாங்குங்கள். ஒருமுறை மருந்து ஊற்றிய ஸ்பிரேயரை எவ்வளவு கழுவினாலும் எஞ்சினுக்குக் கொண்டுவராதீர்கள். முனையில் உள்ள நாசிலை வெட்டிவிட்டு, அந்த ஹோஸை ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் மாட்ட வேண்டும். அதற்கு ஒரு அடாப்டர் தேவை. சுவிட்சைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப்போய் “இதே திரெட்டில் ஒரு நிப்பிள்” என்று கேளுங்கள். இது மெட்ரிக் திரெட் அல்ல. கையில் கிடைத்த நட்டைத் திணித்தால் பிளாக்கில் உள்ள திரெட் போய்விடும். கூடவே ஒரு டீ பீஸும் செய்துகொண்டால் பிறகு மீட்டர் மாட்ட உதவும்.

ஆயில் 20டபிள்யூ-50. குளிர்ந்த நிலையில் இது ஸ்பிரேயரின் மெல்லிய ஹோஸில் நகரவே நகராது. கேனை மொட்டைமாடி வெயிலில் மதியம் முழுக்க வையுங்கள், அல்லது வெந்நீர் வாளியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். கை பொறுக்கும் சூடு போதும்.

சம்பில் முழு ஆயிலையும் ஊற்றிவிடாதீர்கள். டிப் ஸ்டிக்கின் கீழ்க்கோடு வரை போதும். நாம் ஏற்றும் ஆயில் எல்லாம் பேரிங் வழியாக வடிந்து சம்புக்குத்தான் வரப்போகிறது. இதை மறந்து முழுதாக ஊற்றிவிட்டு, பிறகு மேல்கோட்டுக்கும் மேலே நிற்கிறதே என்று திகைப்பவர்கள் நிறைய.

ஃபில்டரைக் கவனியுங்கள். பழைய கிண்ண ஃபில்டர் என்றால் கிண்ணத்தை இறக்கி, எலிமென்ட்டை ஆயிலில் ஊறவைத்து, கிண்ணத்தில் முக்கால் பாகம் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். மாட்டும் முன் ஃபில்டர் ஹெட்டின் பள்ளத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையை விட்டுச் சுற்றிப் பாருங்கள். பழைய ரப்பர் ரிங் அங்கே கருத்து, இறுகி, இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, குத்தினால்தான் தெரியும். அதன்மேல் புது ரிங்கை வைத்துக் கட்டினால், பிரஷர் ஏறியதும் ஒரு நிமிடத்தில் லிட்டர் கணக்கில் ஆயில் தரைக்கு வந்துவிடும். கிண்ணத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங், தட்டு, வாஷர் மூன்றும் அதனதன் வரிசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வாஷர் போய்விட்டால் ஆயில் எலிமென்ட்டைச் சுற்றிக்கொண்டு வடிகட்டாமலே போகும்.

யாராவது ஸ்பின்-ஆன் ஃபில்டருக்கு மாற்றியிருந்தால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த ஃபில்டர்களில் பெரும்பாலும் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு இருக்கும். கேலரியில் நாம் கொடுக்கும் அழுத்தம் அதைத் தாண்டிப் பின்னால் போய் பம்பை நனைக்காது. பேரிங் எல்லாம் நனைந்திருக்கும், பம்ப் மட்டும் உலர்ந்திருக்கும். அப்படியானால் பிளாக்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் வெளிக்குழாயை ஃபில்டர் பக்கம் கழற்றி, ஆயில் கேனால் பம்ப் திசையில் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகள் கழற்றிய நிலையில் டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லப் பின்னால் தள்ளினால், பம்ப் தலைகீழாகச் சுற்றி அந்த ஆயிலை இழுத்துக்கொள்ளும். இந்தச் சின்ன வேலையை விட்டுவிட்டுத்தான் பலர் “ஏற்றியும் பிரஷர் வரவில்லை” என்கிறார்கள்.

சிலர் கட்டும்போதே பம்பில் கிரீஸ் அடைத்துவிடுவார்கள். பெட்ரோலியம் ஜெல்லி என்றால் பரவாயில்லை, ஆயில் சூட்டில் கரைந்துவிடும். வீல் பேரிங்குக்குப் போடும் கிரீஸை அடைத்திருந்தால் அது அவ்வளவு சுலபத்தில் கரையாது, ரிலீஃப் வால்விலும் (பிரஷர் மிஞ்சினால் ஆயிலைச் சம்புக்குத் திருப்பிவிடுவது) துளைகளிலும் போய் உட்காரும். அதையும் மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றுங்கள். மேலே டேப்பெட் கவரைத் திறந்து வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஸ்பிரேயரில் சூடான ஆயிலை ஊற்றி, அதன்மேல் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டாமல் பம்ப் அடித்து, வால்வைத் திறங்கள். ஹோஸில் உள்ள காற்றை முதலில் ஒரு டப்பாவில் வெளியேற்றிவிட்டு மாட்டுவது நல்லது. கொஞ்ச நேரத்தில் சம்புக்குள் ஆயில் சொட்டும் சத்தம் கேட்கும். மெயின் பேரிங்குகளுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

எஞ்சினை அசைக்காமல் விட்டால் வேலை பாதியில் நிற்கும். பிக் எண்டுக்கு ஆயில் போவது கிராங்கின் உள்துளை வழியாக. அந்தத் துளை மெயின் பேரிங்கில் ஆயில் வரும் இடத்துக்கு நேராக வந்தால்தான் நன்றாக உள்ளே ஏறும். மேலே ராக்கருக்கு (வால்வை அழுத்தித் திறக்கும் கை) ஆயில் போவது கேம்ஷாஃப்ட் பேரிங் வழியாக, அளந்து அளந்து. அதற்கும் கேம் சரியான கோணத்தில் நிற்க வேண்டும். அதனால் வண்டியின் ஹேண்டிலை முன்னால் மாட்டி, கால் சுற்று திருப்பி நிறுத்துங்கள். ஓரிரு நிமிடம் விடுங்கள். மறுபடி கால் சுற்று. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும், எனவே மொத்தம் எட்டு நிறுத்தம். நடுவில் ஸ்பிரேயரில் ஆயில் தீர்ந்து காற்று போகாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏதோ ஒரு நிறுத்தத்தில் ராக்கர் ஷாஃப்டில் முதல் ராக்கரின் ஓரம் பளபளக்கும். அப்புறம் அடுத்தது. ராக்கரின் அடியிலிருந்து ஆயில் மெல்லக் கசிந்து வால்வு ஸ்பிரிங் மேல் வழிவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆயில் கடைசியாக வந்து சேரும் இடம் இதுதான். எட்டு ராக்கரும் நனைந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. மூன்று மெயின் பேரிங் உள்ள இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகு மரைதான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. எஞ்சின் நிற்கும்போது அந்த மரை வேலை செய்யாது. கிளட்ச் ஹவுசிங் அடியில் ஓரிரு சொட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஒழுகிக்கொண்டே இருந்தால் நிறுத்துங்கள். கிளட்ச் பிளேட் நனைந்தால் அது வேறு தலைவலி.

இந்த முறையிலும் நனையாத இடம் ஒன்று இருக்கிறது, கேமின் மூக்கும் அது தள்ளும் டேப்பெட்டின் அடிமுகமும். அங்கே கேலரியிலிருந்து நேரடி ஆயில் கிடையாது. கிராங்க் சுழலும்போது தெறிப்பதும் மேலிருந்து வடிவதும்தான். உங்களுடையது புது கேம், புது டேப்பெட் என்பதால் இதில்தான் எனக்குக் கவலை அதிகம். கட்டும்போது மாலிப்டினம் கலந்த கேம் லூப் போட்டிருந்தால் அது எட்டு மாதம் தாங்கும். அப்படியென்றால் டேப்பெட் கவர் திறந்திருக்கும்போதே அரை லிட்டர் ஆயிலை புஷ் ராட் துளைகளின் மேல் மெதுவாக ஊற்றினால் போதும், அது நேராக டேப்பெட் மேலும் கேம் மேலும் வடியும். சாதா ஆயில் மட்டும் போட்டிருந்தால் மேனிஃபோல்டுக்குக் கீழே பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்து, டேப்பெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடிமுகத்தில் லூப் தடவி, அதே குழியில் திரும்பப் போடச் சொல்லுங்கள். புஷ் ராடை எடுக்க ராக்கர் ஷாஃப்டைக் கழற்றுவதாக இருந்தால் எச்சரிக்கை: ராக்கர் பிராக்கெட்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில, சிலிண்டர் ஹெட்டையும் பிடித்துக்கொண்டிருப்பவை. தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட்டுகளை முறைப்படி தளர்த்திய பிறகே தொட வேண்டும்.

இதெல்லாம் ஆனபின் ஸ்பிரேயரைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு மெக்கானிகல் ஆயில் பிரஷர் மீட்டரை மாட்டுங்கள். லைட்டை நம்பாதீர்கள். மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும் லைட், “ஏதோ கொஞ்சம் இருக்கிறது” என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. புது எஞ்சினுக்கு அது போதாத செய்தி. பிளக்குகள் இன்னும் வெளியிலேயே இருக்கட்டும், காயில் ஒயரைப் பிடுங்கி வையுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்கில் சுமை குறைவு, செல்ஃபும் வேகமாகச் சுற்றும். பத்து விநாடி அடித்து, ஒரு நிமிடம் ஓய்வு. பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். முள் சட்டென்று எழுந்து 20 பிஎஸ்ஐ-க்கு மேல் நின்றால் பம்ப் தன் வேலையைத் தானே செய்கிறது என்று அர்த்தம்.

நாலைந்து தடவை அடித்தும் முள் அசையவில்லையா? அதற்குமேல் அடிக்க வேண்டாம். முதலில் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். பிளாக்கின் பின்புறம் பக்கவாட்டில் குமிழ் போன்ற தலையுள்ள பெரிய நட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் கூம்பு முனை வால்வும் இருக்கும். ஒரு சின்ன உலோகத் துணுக்கு அந்தக் கூம்பின் ஓரத்தில் சிக்கினால் போதும், ஆயில் எல்லாம் அங்கிருந்தே சம்புக்குத் திரும்பிவிடும். துடைத்து, உட்காரும் இடத்தில் வளையமாக முழுத் தடம் இருக்கிறதா என்று பார்த்து, நட்டின் வாஷர்களோடு திரும்பப் போடுங்கள். அடுத்து, பம்ப் நனைந்ததா என்ற பழைய கேள்வி. இரண்டும் சரி என்றால் சம்பை இறக்கத்தான் வேண்டும். பம்ப் கேஸ்கெட்டோ ஸ்ட்ரெய்னர் (பம்ப் உறிஞ்சும் வாயில் உள்ள வலை) இணைப்போ காற்றை உறிஞ்சும், அல்லது கேலரி பிளக் ஒன்று போடாமல் விட்டிருக்கும். “ஸ்டார்ட் ஆனால் வந்துவிடும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிரஷர் வந்துவிட்டால் அன்றே ஸ்டார்ட் செய்துவிடுங்கள், மறுபடி ஒரு மாதம் நிறுத்த வேண்டாம். முதல் தடவையிலேயே பிடிக்கும்படி எல்லாம் தயாராக இருக்க வேண்டும்: டைமிங் வைத்தாகிவிட்டதா, ரேடியேட்டர் நிரம்பியதா, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வந்ததா, ஆயில் மேல்கோட்டில் நிற்கிறதா. பிடித்ததும் ஸ்லோவில் விடாதீர்கள். புது கேம் என்பதால் உடனே 2000 ஆர்பிஎம் அருகே கொண்டுபோய், 1500-க்கும் 2500-க்கும் நடுவே ஏற்றி இறக்கியபடி இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஸ்லோவில் கிராங்க் தெறிக்கும் ஆயில் கேமுக்குப் போதாது. ஒருவர் பிரஷர் மீட்டரையும் டெம்பரேச்சரையும் விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. நன்றாகச் சூடானபின் ஓட்டத்தில் 50 பிஎஸ்ஐ அருகிலும், ஸ்லோவில் 15 அருகிலும் இருந்தால் நல்ல எஞ்சின்.

இந்த முதல் ஓட்டத்துக்கு விலையுயர்ந்த சிந்தெடிக் ஆயில் வேண்டாம், ரிங் சீக்கிரம் படியாது. சாதா மினரல் 20டபிள்யூ-50 போதும். புது ஆயில்களில் துத்தநாகம், பாஸ்பரஸ் குறைந்துவிட்டது, பழைய கேம் தேயும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விஷயம் உண்மைதான், ஆனால் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) வகுத்த எஸ்எம், எஸ்என் தரங்களில் பாஸ்பரஸுக்கு வைத்த அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்குத்தான், 20டபிள்யூ-50க்கு இல்லை. மனநிம்மதிக்கு பிரேக்-இன் சேர்மானம் ஒரு பாட்டில் ஊற்றினால் நஷ்டமில்லை.

இருபது நிமிடம் முடிந்ததும் நிறுத்தி, சூட்டோடு ஆயிலை வடித்துவிடுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியபின் ஹெட் நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் பார்த்து, டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். அடுத்த ஆயில் மாற்றம் 500 கிலோமீட்டரில். முதல் ஃபில்டர் எலிமென்ட்டைத் தூக்கி எறியாமல் மடிப்புகளை வெட்டி, வெள்ளைத் தாளில் விரித்து வெயிலில் பாருங்கள். நுண்ணிய சாம்பல் நிறப் பூச்சும் ஓரிரு மினுமினுப்பும் புது எஞ்சினில் சகஜம். காந்தத்தில் ஒட்டும் ஊசி ஊசியான துணுக்குகள் நிறைய இருந்தால் கேமையும் டேப்பெட்டையும் சந்தேகப்படுங்கள். செம்பு நிறத்தில் தூள் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் சம்பை இறக்கி பிக் எண்ட் மூடி ஒன்றைத் திறந்து பாருங்கள்.